ஃபுல் டவர் கேபினட் வாங்கலாமா? உயரத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள்

பிப்ரவரி 3

ஒரு வாசகர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "புதிதாக பிசி கட்டப்போகிறேன். பெரிய கேபினட் என்றால் உள்ளே காற்று அதிகம், காற்று அதிகம் என்றால் சூடு குறைவு. அதனால் கிடைப்பதிலேயே பெரிய ஃபுல் டவராக வாங்கிவிடலாம் என்கிறேன். சரிதானே?"

முடிவு சரியாக இருக்கலாம். காரணம் தப்பு. நானும் பல வருடமாக ஃபுல் டவர்தான் வைத்திருக்கிறேன், அடுத்த முறையும் அதையேதான் வாங்குவேன். ஆனால் சூட்டுக்காக இல்லை.

முதலில் ஒன்று. ஃபுல் டவர் என்பதற்கு யாரும் எழுதிவைத்த அளவு கிடையாது. மதர்போர்டுக்கு உண்டு: ஏடிஎக்ஸ் என்றால் 305 × 244 மி.மீ., 1995இல் இன்டெல் கொண்டுவந்தது, இன்றும் அதேதான். கேபினட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. 55 செ.மீ. தாண்டினால் ஃபுல் டவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். 53 செ.மீ. உயரத்தில் இருப்பதையும் அதே பெயரில் விற்கிறார்கள். பெட்டியின் மேல் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள், மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள்.

பிப்ரவரி 3, இரவு

காரணம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் எப்படி என்று கேட்கிறார்கள். நியாயம். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1005 ஜூல் வேண்டும். ஆக, 80 லிட்டர் கொள்ளளவுள்ள ஃபுல் டவருக்குள் இருக்கும் மொத்தக் காற்றையும் ஒரு டிகிரி ஏற்ற 96 ஜூல் போதும். கனமான கேம் ஓடும்போது உள்ளே 600 வாட் சூடு வெளியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். எல்லாத் துளையையும் அடைத்துவிட்டால் அந்தக் காற்று விநாடிக்கு 6 டிகிரி வீதம் ஏறும். 10 டிகிரி ஏற 1.6 விநாடி. அதே வேலையை 45 லிட்டர் மிட் டவரில் (ஃபுல் டவரைவிட ஒரு அளவு சின்ன கேபினட்) செய்தால் 0.9 விநாடி.

கூடுதலாக 35 லிட்டர் இடம் வாங்கியதில் கிடைத்த லாபம் முக்கால் விநாடிக்கும் கம்மி. (தகடும், சிப்களின் மேல் உட்காரும் உலோகத் துண்டான ஹீட்சிங்கும் உறிஞ்சும் சூட்டை விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் சில நிமிடம் தள்ளிப்போகும். மூன்று மணி நேரம் விளையாடுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.)

சூட்டை வெளியேற்றுவது உள்ளே தேங்கியிருக்கும் காற்று இல்லை, ஓடுகிற காற்று. 600 வாட்டை 10 டிகிரி ஏற்றத்தோடு வெளியே தள்ள விநாடிக்கு 50 லிட்டர் காற்று ஓடவேண்டும், மணிக்கு 180 கன மீட்டர். அந்த வேகத்தில் 80 லிட்டர் கேபினட்டின் காற்று முழுதும் இரண்டு விநாடிக்குள் மாறிவிடும். கேட்க வேண்டியது, முன்பக்கம் எவ்வளவு காற்றை உள்ளே விடுகிறது என்பதைத்தான்.

பிப்ரவரி 4

"நான் மிட் டவரிலிருந்து ஃபுல் டவருக்கு மாறினேன், 8 டிகிரி குறைந்தது, இது எப்படி?"

பழையதின் முன்பக்கம் என்ன, புதியதின் முன்பக்கம் என்ன?

பிப்ரவரி 4, கொஞ்சம் கழித்து

பதில் வந்துவிட்டது. பழையது மூடிய கண்ணாடி முகப்பு, ஓரத்தில் விரல் நுழையும் இடுக்கு. புதியது முழு மெஷ், அதாவது வலை முகப்பு, முன்னால் மூன்று 140 மி.மீ. ஃபேன். சரி, மேலே நான் எழுத ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஒரு உதாரணம். ஃப்ராக்டல் டிசைனின் டிஃபைன் 7 எக்ஸ்எல், மெஷிஃபை 2 எக்ஸ்எல் இரண்டுக்கும் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றுக்குச் சத்தத்தை அடக்கும் கதவு, மற்றதற்கு மெஷ் முகப்பு. உயரம், அகலம், லிட்டர் எல்லாம் ஒரே மாதிரி இருக்க, காற்று நுழைவது மட்டும் வேறு. இன்னொன்று, அதே நிறுவனத்தின் டொரன்ட். உயரம் 53 செ.மீ.தான். முன்னால் 180 மி.மீ. ஃபேன் இரண்டு, கீழே 140 மி.மீ. மூன்று, பவர் சப்ளையைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். சூடு பற்றிய பேச்சில் அதன் பெயர் அடிக்கடி வருவது அந்த முகப்பால்தான்.

பிப்ரவரி 6

அப்படியானால் ஃபுல் டவர் எதற்கு? என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் அகலம். உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், கழுத்தைப் பிடிப்பது அகலம்தான்.

இன்றைய பெரிய கிராஃபிக்ஸ் கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4090இல் என்விடியாவே விட்ட ஃபவுண்டர்ஸ் எடிஷன் 304 மி.மீ. நீளம், 137 மி.மீ. உயரம். அசூஸ் ஸ்ட்ரிக்ஸ் மாடல் 357.6 மி.மீ. நீளம், 149.3 மி.மீ. உயரம், 70 மி.மீ. தடிமன். இங்கே உயரம் என்பது மதர்போர்டிலிருந்து பக்கவாட்டுக் கண்ணாடியை நோக்கி நீளும் அளவு. எல்லோரும் நீளத்தைப் பார்த்துவிட்டு "நுழையும்" என்று திருப்திப்படுகிறார்கள். நுழையும்தான். பிறகு 16 பின் பவர் கேபிளைச் சொருகுவார்கள். அந்த கனெக்டர் கார்டின் மேல் விளிம்பிலிருந்து கண்ணாடிப் பக்கம் பார்த்து நிற்கிறது. அதைச் சொருகிய இடத்திலேயே மடக்கக்கூடாது, சுமார் 35 மி.மீ. நேராக விட்டுப் பிறகுதான் வளைக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 149 உடன் 35 சேர்த்தால் 184.

இப்போது கேபினட்டின் விவரத்தாளில் "சிபியு கூலர் உயரம்" என்ற வரியைத் தேடுங்கள். மதர்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதை ஏறக்குறையச் சொல்லும் ஒரே வரி அதுதான். 165 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-டி15 கூலர் நுழையவேண்டும் என்பதற்காக நிறைய மிட் டவர்களில் 170 வைத்திருப்பார்கள். கூலருக்குச் சரி. 184 எங்கே போகும்? கண்ணாடியை மூடும்போது அது கேபிளை அழுத்தும். 2022இல் வந்த இந்த 16 பின் கனெக்டர்கள் (12விஎச்பிடபிள்யூஆர் என்று பெயர்) உருகிய கதை எல்லோருக்கும் தெரியும். சரியாக உள்ளே போகாமல் பாதியில் நிற்பது அதில் ஒரு முக்கியக் காரணம். 2023இல் உள்ளே இருக்கும் சிறிய பின்களைக் குட்டையாக்கி 12வி-2x6 என்று திருத்தினார்கள். திருத்தினாலும் கண்ணாடியை வைத்துக் கேபிளை அழுத்துவது நல்லதில்லை.

டிஃபைன் 7 எக்ஸ்எல் 240 மி.மீ. அகலம், கூலருக்கு 185. நம் 184க்கு ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம், இந்தக் கார்டுக்கு இதுவே மயிரிழைதான்.

பிப்ரவரி 6, பின்குறிப்பு

மேலே "ஏறக்குறைய" என்று எழுதியதற்குக் காரணம் கேட்டார்கள். கூலர் உயரத்தை ப்ராசசரின் மேற்பரப்பிலிருந்து அளப்பார்கள், கார்டின் உயரத்தை அதன் ஸ்லாட் பக்கத்திலிருந்து அளப்பார்கள். சில மில்லிமீட்டர் அப்படி இப்படி இருக்கும். ஒரு மில்லிமீட்டரை நம்பி வாங்குகிற நிலைமையில் இருந்தால் அந்தக் கேபினட் வேண்டாம்.

பிப்ரவரி 9

லிக்விட் கூலரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்.

360 ரேடியேட்டரின் நீளம் 360 இல்லை. அது ஃபேன்களின் அளவு, மூன்று 120. இரண்டு முனையிலும் தண்ணீர்த் தொட்டி உண்டு, நீளம் 400ஐ நெருங்கும். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3இன் 360 மாடல் 398 மி.மீ., 420 மாடல் 458 மி.மீ. தடிமன் 38. ஃபேன் இன்னொரு 25. ஆக மேல்தகட்டிலிருந்து 63 மி.மீ. கீழே தொங்கும். அந்த இடத்தில் மதர்போர்டின் ஹீட்சிங்கும் ரேமும் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

ஃபுல் டவரின் உயரம் உண்மையிலேயே உதவும் இடம் இது. மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி. விவரத்தாளில் "420 ரேடியேட்டர் ஆதரவு" என்று பெரிதாகப் போடுவார்கள், தடிமனைச் சொல்லமாட்டார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு: மேலே 420, முன்னால் 480, கீழே 360 என்று பட்டியல் போட்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் நுழையுமா என்று கேட்டால் பட்டியல் பேசாது. கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், "மேலே வைத்தால் முன்னால் இவ்வளவுதான்" என்று பொடி எழுத்தில் இருக்கும்.

தனித்தனிப் பாகம் வாங்கி வாட்டர் லூப் கட்டுகிறவர்கள் 45, 60 மி.மீ. தடிமன் ரேடியேட்டர், பம்ப், ரிசர்வாயர் எல்லாம் வைக்கவேண்டும். அவர்களுக்கு ஃபுல் டவரா மிட் டவரா என்ற கேள்வியே இல்லை. உச்சக்கட்டமாக கோர்செர் 1000டி இருக்கிறது: 69 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 31 செ.மீ. அகலம், காலியாகவே 29 கிலோவுக்கு மேல். முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு 480 ரேடியேட்டர். உள்ளே இன்னொரு சின்ன கம்ப்யூட்டரையே சேர்த்துக் கட்டலாம். வாடகைக்கு விடலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 9, மறுபடியும்

ரெடிமேட் லிக்விட் கூலர் வைக்கிறவர்களுக்கு ஒன்று விட்டுவிட்டேன். ட்யூப் நீளம் பெரும்பாலும் 40 செ.மீ. சுற்றித்தான். மிட் டவரில் முன்பக்கம் வரை தாராளமாக எட்டும். ஆழமான ஃபுல் டவரில் எட்டாமல் போகலாம், அல்லது கார்டின் மேல் இழுத்துப் பிடித்தபடி நிற்கும். மேலே வைத்தால் பிரச்சினை இல்லை, பம்ப் ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும், காற்றுக்குமிழ் பம்பில் மாட்டாது.

பிப்ரவரி 10

"மேஜை மேல் வைக்கலாமா?"

மேஜையைக் கேளுங்கள்.

பிப்ரவரி 10, இரவு

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். 60 செ.மீ. ஆழம் உள்ள கேபினட்டின் பின்னால் கேபிள் வளைய இன்னொரு 10 செ.மீ. வேண்டும். நிறைய மேஜைகளின் ஆழமே 60தான். கீழே வைத்தால் மேஜைக்கு அடியில் உயரம் பாருங்கள், மேல்தகட்டிலிருந்து வெளியேறும் சூடு மேஜைப் பலகையில் முட்டித் திரும்பி வரக்கூடாது. ஒரு சாண் இடமாவது விடுங்கள். யூஎஸ்பி, பவர் பட்டன் எல்லாம் மேல்தகட்டில் இருக்கும் மாடல் தரையில் வைக்க வசதி. அதையே மேஜையில் ஏற்றினால் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கவேண்டும்.

நான் செய்வது இது: பழைய அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து ஒட்டி, அதே அளவில் ஒரு பொம்மைக் கேபினட் செய்து, வைக்கப்போகும் இடத்தில் ஒரு வாரம் நிறுத்திவைப்பேன். வீட்டில் எல்லோரும் அதில் ஒரு முறையாவது இடித்துக்கொள்வார்கள். என் மனைவிக்கு அந்த அட்டையே பிடித்துப்போய்விட்டது, சத்தம் போடுவதில்லை என்கிறாள்.

பிப்ரவரி 14

இன்று நீளமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் இது என் சொந்தக் காரணம். ஹார்ட் டிஸ்க்.

வீடியோ எடிட்டிங் என் பிழைப்பு. பழைய வேலைகளை அழிக்க மனம் வராது, கேட்டு வருகிறவர்களும் உண்டு. அதனால் 3.5 அங்குல டிரைவ்கள் வரிசையாக. ஒவ்வொன்றும் 26 மி.மீ. தடிமன், காகிதத்தில் அடுக்கினால் கொஞ்ச இடம்தான். நடைமுறையில் நடுவே காற்று ஓடவேண்டும், அதிர்வு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகக்கூடாது, கேபிள் சொருகப் பின்னால் இடம் வேண்டும்.

7200 சுற்று ஓடும் டிரைவ் என்றால் விநாடிக்கு 120 சுற்று. அதாவது 120 ஹெர்ட்ஸில் ஒரு "ம்ம்ம்". தகடு மெல்லிசாக இருந்தால் அதுவும் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். பெரிய கேபினட்டில் பெரிய தகடு, அதில் ஆதரவு இல்லாத நடுப்பகுதி அதிகம், ஆகவே இந்த விஷயத்தில் ஃபுல் டவர் மிட் டவரைவிட மோசமாகவும் இருக்கலாம். விரல் முட்டியால் பக்கத் தகட்டைத் தட்டிப் பார்ப்பேன். "டொங்" என்று நீண்டால் வேண்டாம், "தொப்" என்று அடங்கினால் பரவாயில்லை. டிரைவ் தட்டில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

பெரிய கொள்ளளவு டிரைவ்களில் ஒரு சிக்கல். பழைய டிரைவ்களில் இருந்த நடு ஸ்க்ரூ துளை புதியவற்றில் பலதில் கிடையாது, உள்ளே தட்டுகள் அதிகமானதால் இடம் இல்லை. பழைய அளவில் செய்த தட்டுகளில் நான்கு ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டுதான் மாட்டும். என் பழைய கேபினட்டில் அப்படித்தான் நின்றன. புதிய தட்டுகளில் இரண்டு விதத் துளையும் போட்டிருக்கிறார்கள், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

பவர் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு டிரைவ் சுழல ஆரம்பிக்கும் கணத்தில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், 24 வாட். பத்து டிரைவ் ஒன்றாகக் கிளம்பினால் 240 வாட். பவர் சப்ளை தாங்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாட்டா கேபிளில், ஸ்ப்ளிட்டர் மேல் ஸ்ப்ளிட்டர் போட்டுத் தொங்கவிடுவது அந்த மெல்லிய வயருக்குத் தாங்காது. ஒரு கேபிளுக்கு நான்கு போதும்.

இவ்வளவு டிரைவ் உள்ளவர் தனியாக நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் டிரைவ் பெட்டி) வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். நிறையப் பேருக்கு அதுதான் நல்லது. எனக்கு எடிட் செய்யும் இயந்திரத்திலேயே எல்லாம் இருக்கவேண்டும், இது பழக்கம், வாதம் இல்லை.

பிப்ரவரி 15

பழையவர் ஒருவர் 5.25 அங்குல பே (முன்பக்கம் சிடி டிரைவ் சொருகும் அறை) பற்றி நினைவுபடுத்திவிட்டார். அப்போதெல்லாம் ஃபுல் டவரின் உயரமே அதற்குத்தான்: சிடி ரைட்டர், டிவிடி, அதன் கீழே இன்னொன்று, ஃபேன் கன்ட்ரோலர், கார்டு ரீடர். 2008இல் வந்த கூலர் மாஸ்டர் ஹாஃப் 932 ஞாபகம் இருக்கிறதா? 230 மி.மீ. ஃபேன்கள், ராணுவ வண்டி மாதிரி தோற்றம். சத்தம் குறைவு, தூசு ஏராளம். அந்த உயரத்துக்கான காரணம் போய்விட்டது, உயரம் மட்டும் நின்றுவிட்டது, இப்போது ரேடியேட்டர் வந்து அந்த இடத்தில் குடியேறியிருக்கிறது.

சில்வர்ஸ்டோன் ரேவன் ஆர்வி01இல் மதர்போர்டையே 90 டிகிரி திருப்பி, கார்டுகளின் பின்பக்கம் மேலே பார்க்க வைத்தார்கள். சூடான காற்று தானாக மேலே போகும் என்பது விளம்பரத்துக்கு அழகு. அது நன்றாக வேலை செய்ததற்குக் காரணம் அடியில் இருந்த 180 மி.மீ. ஃபேன்கள் நேராக மேலே தள்ளியது. சூடு தானாக மேலெழும் விசை ஃபேன் முன்னால் நிற்காது.

பிப்ரவரி 20

கேபிள். மதர்போர்டின் இடது மேல் மூலையில் 8 பின் சிபியு பவர் இருக்கும். பவர் சப்ளை கீழே. நடுவில் தகட்டின் பின்னால் சுற்றி, மேல் துளை வழியாக நுழைந்து வரவேண்டும். கேபிள் 60 செ.மீ. என்றால் உயரமான ஃபுல் டவரில் அது இழுத்துப்பிடித்து நிற்கும், 70 இருந்தால் நிம்மதி. கேபினட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் கேபிள் நீட்டிப்புக்கு அலைந்த ஒருவரைத் தெரியும். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை.

ஃபேனும் அப்படித்தான். ஒன்பது ஃபேனுக்கு இடம் இருக்கும், கூட வருவது மூன்று. மிச்சத்தை வாங்காமல் விட்டால் தப்பில்லை. முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, பெரும்பாலான இயந்திரங்களுக்கு இது போதும்.

பிப்ரவரி 21

3ஆம் தேதி குறிப்பைத் திரும்பப் படித்தேன். கணக்கில் மாற்றம் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு "அப்படியானால் ஃபுல் டவரால் சூடு விஷயத்தில் ஒரு பயனும் இல்லை" என்று இரண்டு பேர் முடிவுகட்டிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம்.

பெரிய முகத்தில் பெரிய ஃபேன் வைக்கலாம். அதே காற்றை மெதுவாகச் சுற்றித் தள்ளலாம். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்றும் 20 சதவீதம் குறைகிறது, ஆனால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது, சத்தம் சுமார் 5 டெசிபல் குறைகிறது. நாக்டுவாவின் என்எஃப்-ஏ14 ஃபேன் 1500 சுற்றில், எதிரில் தடை இல்லாதபோது, மணிக்கு 140 கன மீட்டர் தள்ளும். மூன்று வைத்தால் 420. மெஷும் ஃபில்டரும் அதில் கணிசமாகச் சாப்பிட்டாலும் நம் 180க்கு மேல் நிறைய மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைச் சத்தக் குறைவாக மாற்றிக்கொள்ளலாம். சூடு குறைவதைவிட, அதே சூட்டில் அமைதி கிடைப்பதுதான் பெரிய கேபினட்டின் லாபம். இரவில் ஆடியோ கேட்டு வேலை செய்கிற எனக்கு இது போதும்.

தூசு கேட்டவருக்கு: உள்ளே தள்ளும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போது காற்று ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும், மற்ற இடுக்குகள் வழியாக வெளியேறும். கீழ் ஃபில்டர் முன்பக்கமாக இழுத்து எடுக்கும்படி இருக்கவேண்டும். பின்பக்கமாக என்றால் 20 கிலோவை நகர்த்தவேண்டும், நகர்த்தமாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

மார்ச் 2

டெம்பர்ட் கிளாஸ் உடைந்துவிட்டது என்று ஒருவர். கழற்றிச் சுவரோரம் செராமிக் டைல் மேல் சாய்த்து வைத்தாராம், தானாக வெடித்ததாம். தானாக இல்லை. அந்தக் கண்ணாடியின் முகம் பலமானது, விளிம்பு பலவீனம். டைல் கண்ணாடியைவிடக் கடினம். விளிம்பு ஒரு புள்ளியில் பட்டால் முழுதும் பொடிப்பொடியாகும். தலையணை, மெத்தை, மடித்த போர்வை எதுவானாலும் சரி, டைல் மட்டும் வேண்டாம். பெரிய கேபினட்டின் கண்ணாடி பெரிது, கனம், கை நழுவும். கீல் வைத்த கதவாகத் திறப்பது ஃபுல் டவருக்கு ஆடம்பரம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இடம் மாற்றும்போது கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப்போங்கள். எல்லாம் மாட்டிய ஃபுல் டவரை ஒருவராகத் தூக்காதீர்கள். மேல்தகட்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது, பலவற்றில் அது வெறும் கிளிப்பில் நிற்கிறது, கையோடு வந்துவிடும்.

மார்ச் 9

"இவ்வளவு பேசினீர்கள், பெயர் சொல்லுங்கள்."

டிரைவ் அதிகம், சத்தம் வேண்டாம்: டிஃபைன் 7 எக்ஸ்எல். டிரைவ் அடுக்கு வைக்கும் அமைப்பில் கார்டுக்கான நீளம் குறைந்துவிடும், அதைக் கணக்கில் வையுங்கள். சர்வர் அளவு மதர்போர்டு: ஃபான்டெக்ஸ் என்தூ ப்ரோ 2. கோர்செர் 1000டி யாருக்கு என்றால், கேள்வி கேட்காமலே அதை வாங்கிவிடுகிறவருக்கு.

மதர்போர்டு பற்றி ஒரு எச்சரிக்கை. இ-ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸைவிட அகலமான போர்டு) என்று எழுதியிருந்தால் 305 × 330 மி.மீ. என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரில் விற்கும் போர்டுகள் பலதும் 270, 277 மி.மீ. அகலம்தான். கேபினட்காரர்களும் "இ-ஏடிஎக்ஸ் ஆதரவு" என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் சின்னதாக "285 வரை" என்பார்கள். முழு 330 போர்டு வைத்திருப்பவர் எஸ்எஸ்ஐ-இஇபி (சர்வர் போர்டுகளின் அளவு) என்ற எழுத்துக்களைத் தேடவேண்டும். நுழைந்தாலும் போர்டு கேபிள் துளைகளை மூடிவிடலாம், போர்டைத் தகட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் ஸ்டாண்ட்ஆஃப் குமிழ்களின் இடங்களும் மாறும். தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். போர்டைத் தகட்டின் மேல் காட்டிப் பார்த்து, துளைக்கு நேராக இல்லாததைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டவேண்டும்.

ஏடிஎக்ஸ் போர்டு, ஒரு கார்டு, ஒரு 360 கூலர், இரண்டு எஸ்எஸ்டி. பட்டியல் இதுதான் என்றால் அகலமான ஒரு மிட் டவர் போதும். கேள்வி கேட்டவரின் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். அவர் ஃபுல் டவரே வாங்கப்போகிறாராம், கை நுழைய இடம் வேண்டும் என்கிறார். இந்தக் காரணம் எனக்கு முழுச் சம்மதம். பெரிய கை உள்ளவனுக்குத்தான் தெரியும், கீழே விழுந்த ஸ்க்ரூவை இடுக்கில் தேடும் கொடுமை.

மார்ச் 11

ஸ்க்ரூ என்றதும் வந்த கேள்வி: எது எதற்கு? கொரகொரப்பான தடித்த மரை 6-32, ஹார்ட் டிஸ்கும் பவர் சப்ளையும் அதில். நெருக்கமான மெல்லிய மரை எம்3, எஸ்எஸ்டிக்கு அதுதான். மதர்போர்டுக்கு எது என்பது கேபினட்டுக்குக் கேபினட் மாறும், கையேட்டில் இருக்கும். கையால் மூன்று சுற்று போகவில்லை என்றால் அது தப்பான ஸ்க்ரூ, ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள்.

மார்ச் 17

கனெக்டர் எல்லாம் பின்பக்கம் இருக்கும் மதர்போர்டு வாங்கியிருக்கிறேன், அசூஸ் பிடிஎஃப், என் பழைய ஃபுல் டவரில் போடலாமா என்று ஒருவர் கேட்கிறார். எவ்வளவு பெரிய கேபினட்டாக இருந்தாலும், தகட்டில் அந்தந்த இடத்தில் வெட்டுத் துளை இல்லாவிட்டால் போர்டு உட்காராது. எம்எஸ்ஐயின் ப்ராஜெக்ட் ஜீரோ போர்டுக்கும் இதே கதை, இரண்டுக்கும் துளைகள் முழுக்க ஒத்துப்போகும் என்று சொல்லமுடியாது. தகட்டை அறுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார். அறுக்கலாம், போர்டையும் மற்றதையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு. இரும்புத்தூள் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் வேலையைக் காட்டிவிடும். போர்டைத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள இன்னும் அவகாசம் இருந்தால் அதைச் செய்யுங்கள்.